ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு

பெரியம்மாவுக்கு ஒரு பழக்கம். வெற்றிலைக்குத் தடவியது போக விரல் நுனியில் மிஞ்சும் சுண்ணாம்பை, பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் துடைத்துவிடுவார். ஏலாக்குறிச்சியில் இருந்த பழைய வீட்டின் திண்ணைத் தூணில், உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில், அப்படித் துடைத்துத் துடைத்து வெள்ளைப் பட்டை ஒன்று ஏறியிருந்தது. நாற்பது வருஷத்து விரல். வீட்டைப் பிரிக்கும்போது அந்தத் தூணைப் பெயர்த்துக் கொல்லையில் சாய்த்தோம். ஆசாரி அந்த வெள்ளையை உளி முனையால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை. "கல்லாப் போச்சுங்க" என்றார்.

அவர் பேச்சுவாக்கில் சொன்னது. வேதியியலும் அதையேதான் சொல்லும்.

அந்த விரல் நுனிச் சுண்ணாம்பு எங்கே பிறந்தது, எந்தெந்த நெருப்பில் விழுந்து எழுந்தது, கடைசியில் எந்தச் சுவரில் போய் ஒட்டியது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இடையில் ஒரு வீடு கட்டிய கதையும் வரும். சரியாகச் சொன்னால் இரண்டு வீடு.

கடல்

அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சிப் பக்கம் போனால், தரை திடீரென்று வாய் பிளந்து நிற்கும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். வெட்டிய சுவர்களைப் பார்த்தால் அடுக்கடுக்காக, யாரோ செங்கல் வைத்துக் கட்டியது போலிருக்கும். கிட்டே போய் ஒரு கல்லைக் கையில் எடுத்தால், அதில் தடித்த, வளைந்த சிப்பிகள் புதைந்திருப்பது தெரியும். புவியியலாளர்கள் இந்த அடுக்குக்குக் 'கல்லங்குறிச்சிப் படிவம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த மண் ஆழமில்லாத ஒரு கடலின் தரையாகக் கிடந்தபோது படிந்தது. இதைவிடப் பழைய அடுக்குகளும் பக்கத்திலேயே உண்டு. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம் அந்தக் கடலோரத்துக் காட்டிலிருந்து வந்தது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டார்.

அரியலூர்க் கடலின் புகழ் உலகத்துக்கு எட்டியதும் சிப்பிகளால்தான். கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் பொறுக்கி அனுப்பிய புதைபடிவங்களை ஆராய்ந்து எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அறிக்கை எழுதினார். அதன்பின் இந்தியப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டோலிஸ்கா தொகுதி தொகுதியாக எழுதினார். இன்று அரியலூர் அருகே வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பேருந்தில் போய், தாங்கள் விளையாடும் ஓடைக்கரைக் கற்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

சிப்பி என்பது என்ன? கடல் நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் இழுத்து, ஓர் உயிர் தன் மேனியைச் சுற்றிக் கட்டிக்கொண்ட சுவர். ஓர் அறை, ஒரு கதவு. வளர வளர ஓரத்தில் விரிவாக்கம் செய்துகொள்ளும். உயிர் போனபின் வீடு மட்டும் கீழே இறங்கும். அப்படிக் கோடிக்கணக்கான காலி வீடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அழுந்தியதுதான் சுண்ணாம்புக்கல். பெரியம்மாவின் விரலில் இருந்தது அதற்கும் முன்பு வேறு யாருக்கோ வீடாக இருந்த பொருள்.

காளவாய்

கல்லைச் சுவராக்க வேண்டுமானால் முதலில் அதைக் கல்லாக இருக்கவிடக் கூடாது. காளவாயில் கல் ஓர் அடுக்கு, கரி ஓர் அடுக்கு என்று ஏற்றிச் சுடுவார்கள். ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸில் கல் தன் மூச்சை விடும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ கரியமில வாயுவாக மேலே போய்விடும். கையில் மிஞ்சுவது 56 கிலோ. உருவம் மாறாது, கனம் மட்டும் குறைந்திருக்கும். அதில் தண்ணீரை ஊற்றினால் தானாகவே சூடேறி, சீறி, வெடித்து, பொங்கி மாவாகும். நீற்றுவது என்று பெயர். அந்த நீறு மணலோடு சேர்ந்து சுவரில் ஏறியபின்தான் அதிசயம் நடக்கிறது. காற்றிலிருந்து, தான் விட்ட அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது. நாள் கணக்கில் இல்லை, வருஷக் கணக்கில். தூணில் ஆசாரியின் உளிக்கு மசியாத பட்டைக்கு இதுதான் காரணம்.

இந்த வித்தையை வைத்துத்தான் நம் ஊர்களில் காலங்காலமாகக் கட்டினார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லத் தண்ணீர், செங்கல் தூளான சுர்க்கி என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கைப்பக்குவம். செட்டிநாட்டில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்து, சுவர் முகம் பார்க்கும் கண்ணாடியானது. பட்டணத்தில் மெட்ராஸ் டெரஸ் வந்தது: மர உத்தரத்தின்மேல் சின்னச் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைத்த மாடி.

ஏலாக்குறிச்சியைப் பற்றிப் பேசிவிட்டு வீரமாமுனிவரைச் சொல்லாமல் போனால் ஊர் மன்னிக்காது. 1680இல் இத்தாலியின் காஸ்திக்லியோனேயில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1710இல் இந்தியாவுக்கு வந்து, கொள்ளிடக் கரையோரம் இந்த ஊரில் தங்கி, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அதன்மேல் கலம்பகமும் பாடினார். கட்டியவர் என்ற முறையில் எனக்குப் பிடித்த அவருடைய வேலை வேறொன்று. அவர் காலத்துக்கு முன் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு ஒரு புள்ளிதான். ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று அதையும் விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்று படிப்பவர்தான் யூகிக்க வேண்டும். பெஸ்கி 'எ'வின் காலில் ஒரு சின்னக் கோடு இழுத்தார். பழைய எழுத்தை இடிக்கவில்லை. ஓரத்தில் ஒரு சாய்ப்பு இறக்கினார், அவ்வளவுதான். 'ஏலாக்குறிச்சி' என்ற பெயரின் முதல் எழுத்தே அந்தச் சாய்ப்போடுதான் நிற்கிறது. ஒன்றை ஒட்டி இன்னொன்று, ஆனால் குழப்பமில்லாமல் தனித்தனியாக. பிற்பாடு வீட்டு வரைபடத்தின் முன் உட்கார்ந்தபோது இந்தக் கோடு எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது.

ஆலை

சுண்ணாம்புக்குப் போட்டி, சுண்ணாம்பின் வயிற்றிலேயே பிறந்தது. 1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 'போர்ட்லண்ட் சிமெண்ட்' என்று காப்புரிமை வாங்கினார். இன்றைய சிமெண்ட்டின் சூத்திரம் எளிது. அதே சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு அரைத்து, 900இல் நிறுத்தாமல் 1,450 டிகிரி வரை சுடுவது. வெளியே வரும் கிளிங்கர் உருண்டைகளைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு பொடித்தால் மூட்டை தயார். சிமெண்ட் காற்றுக்குக் காத்திருக்காது. தண்ணீர் பட்ட அன்றே இறுகத் தொடங்கிவிடும்.

இந்தியாவில் இதற்கான தொடக்ககால முயற்சி ஒன்று 1904இல் சென்னையில் நடந்தது, கடல் சிப்பிகளைச் சுட்டு. நீடிக்கவில்லை. ஆனால் சிப்பி விடுவதாக இல்லை. 1939இல், அரியலூர்–திருச்சி ரயில் பாதையில் இருக்கும் கல்லக்குடியில் டால்மியா ஆலை வந்தது. அதே பழங்கடலின் கல். ஊர்ப் பெயரும் டால்மியாபுரம் ஆனது. 1953 ஜூலை 15இல், பெயர்ப் பலகையில் 'கல்லக்குடி' என்று எழுதக் கோரி மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தார். தமிழக அரசியலின் ஒரு பெரிய அத்தியாயத்துக்கு அடித்தளம், யோசித்துப் பார்த்தால், இறந்துபோன சிப்பிகள்தான். 1979இல் அரசின் டான்செம் ஆலை அரியலூரில் வந்தது. பின்னாலேயே தனியார் ஆலைகள். கீழப்பழுவூர், ரெட்டிபாளையம், கோவிந்தபுரம் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புகைபோக்கி. தார்ப்பாய் மூடிய லாரிகள் போகும் சாலையோர மரங்களில் இலையின் நிறம் பச்சையா சாம்பலா என்று மழை பெய்தால்தான் தெரியும்.

கூரை வீடுகள் கான்கிரீட் வீடுகளானது இந்த மூட்டைகளால்தான். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தீப்பிடித்த ஓலைக் கூரையை ஒரு முறை பார்த்தவர் யாரும் கான்கிரீட்டைப் பழிக்க மாட்டார். ஆனால் உலகம் முழுக்க வெளியாகும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. கல் விட்ட மூச்சைச் சுண்ணாம்புச் சுவர் பெரும்பாலும் திரும்ப வாங்கிக்கொள்ளும். சிமெண்ட் வாங்குவது கொஞ்சம்தான். அதுவும் மிக நிதானமாக.

கூப்பிடு தூரம்

அண்ணன் சிங்கப்பூரில் இருபது வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். போனில் ஒரு படம் காட்டினார். வெள்ளைச் சுவர், செங்குத்தாய் இறங்கும் முக்கோணக் கூரை, கருப்பு ஜன்னல் சட்டம், முன்னால் நீள வராண்டா, ஓரத்தில் அதே அச்சில் குட்டியாக இன்னொரு வீடு. "மாடர்ன் ஃபார்ம் ஹவுஸ்டா தம்பி. அமெரிக்காவுல இப்ப எல்லா இடத்துலயும் இதுதான்." பெரியம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "களத்துமேட்டுக் கொட்டாய்க்குச் சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கான். இதுக்கா அமெரிக்கா போனான்?"

சிரித்தோம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு வீட்டுத் திட்டமே இருந்தது. அமெரிக்கப் பண்ணை வீட்டில் அழகாகத் தெரிவது எல்லாம் ஒரு காலத்தில் வேலைக்காக வந்தவை. செங்குத்துக் கூரை பனி வழிந்து விழ. வராண்டா சேற்றுக் காலைக் கழுவ. வெள்ளை நிறம், மலிவாகக் கிடைத்த சுண்ணாம்பு. நம் ஊரில் அதே வேலைகளைச் செய்ய வேறு பெயர்கள் இருந்தன: ஓட்டுச் சரிவு, திண்ணை, பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கத்தில் மாளிகைமேட்டில் தோண்டியபோது, ராஜேந்திர சோழன் அரண்மனை என்று கருதப்படும் இடத்தில் செங்கல் சுவரும் கூரை ஓடுகளும் கிடைத்தன. இதை அண்ணியிடம் சொன்னபோது, "ராசாவுக்கே ஓட்டு வீடுதானா?" என்று ஒரு நிமிஷம் யோசித்தார். ஓடு என்றால் வசதியில்லாதவர் வீடு என்ற எண்ணம் அந்த ஒரு நிமிஷத்தில்தான் கொஞ்சம் தளர்ந்தது.

சண்டை பெரிய வீட்டைப் பற்றி வரவில்லை. குட்டி வீட்டைப் பற்றித்தான். படத்தில் இருந்தது விருந்தாளிக்கு. பெரியம்மா அதைத் தனக்கு என்று கேட்டார்.

அண்ணி அழுதேவிட்டார். "அத்தையைக் கொட்டாய்ல வச்சிருக்காங்கன்னு ஊர் பேசாதா?" பேசவும் செய்தது. கடைக்குப் போன இடத்தில் கடைக்காரர் என்னிடமே கேட்டார்: "என்னப்பா, ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா?" பெரியம்மாவின் பதில் அதைவிட நேரானது. "உங்க சமையல்கட்டுல டம்ளர் எங்க இருக்குன்னு நான் கேட்டுத்தான் எடுக்கணும். எனக்குக் கேக்காம எடுக்கணும். ஒரு அடுப்பு போதும்."

உலகம் இதைப் பல பெயரில் கூப்பிடுகிறது. கொழும்புத் தமிழர்களுக்கு 'அனெக்ஸ்'. ஆஸ்திரேலியாவில் 'கிரானி ஃப்ளாட்', பாட்டி வீடு. வீட்டுக்கு ஆலாய்ப் பறந்த கலிஃபோர்னியாவில் 2016இலிருந்து சட்டத்தையே தளர்த்தி, கொல்லையில் இரண்டாவது வீடு கட்டச் சொன்னார்கள். எங்கள் இன்ஜினீயர் வரைபடத்தில் 'அவுட் ஹவுஸ்' என்று எழுதினார். அண்ணன் 'சின்ன வீடு' என்று சொல்லப்போய், அண்ணி பார்த்த பார்வையில் அந்தப் பெயர் அன்றோடு செத்தது. கடைசியில் பெரியம்மா வைத்த பெயரே நின்றது. கொட்டாய்.

இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? இன்ஜினீயர் பத்தடி என்றார். குழாயும் கம்பியும் மிச்சம். அண்ணன் ஐம்பதடி என்றார், படத்தில் அப்படித்தான். நம் பழைய அளவு ஒன்று இருக்கிறது, கூப்பிடு தூரம். அதை அப்படியே சோதித்துப் பார்த்தோம். சமையல்கட்டு வரப்போகும் இடத்தில் அண்ணி நின்றார். பெரியம்மா நாற்காலியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனார். "ஏம்மா" என்று கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். அண்ணனும் அண்ணியும் சாதாரணமாகப் பேசிக்கொண்டால் விழக் கூடாது. இருபத்தெட்டு அடியில் நாற்காலி நின்றது. அங்கேயே முளைக்குச்சி அடித்தோம்.

மற்றதெல்லாம் அந்த நாற்காலியிலிருந்து பிறந்தது. கொள்ளிடக்கரை ஊர் என்பதால் பெரிய வீட்டுக்கு மூன்றடி அடிமட்டம் ஏற்றினோம். மூன்றடிக்குப் படி வைத்தால் பெரியம்மாவின் முட்டிக்கு ஆகாது. சாய்தளம் என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும், மூன்றடிக்கு முப்பத்தாறு. ஆகவே கொட்டாயை மனையின் மேட்டுப் பக்கம் நகர்த்தினோம். ஒன்றரை அடி அடிமட்டம், பதினெட்டடிச் சாய்தளம், ஓரமாகக் கைப்பிடி. வாசல் கதவு மூன்றடி அகலம், நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும் நுழைய. கழிப்பறை உள்ளேயே, வழுக்காத தரையோடு. பெரியம்மா கட்டிலிலிருந்து பார்த்தால் பெரிய வீட்டு வாசல் தெரியும். அங்கிருந்து பார்த்தால் அவருடைய விளக்கு எரிகிறதா என்று தெரியும், கட்டில் தெரியாது. மொத்தம் 380 சதுர அடி. அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்து வீடு 360 சதுர அடி. ஓர் ஆளுக்கு இது தாராளம்.

மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள் இருந்தால், 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்று கொடுத்தே அனுமதி வாங்கலாம். எங்கள் மனை பெரிது என்பதால் வழக்கமான வழியில்தான் போனோம். ஒரே விண்ணப்பத்தில் இரண்டு கட்டடத்தையும் காட்டியது நல்லதாயிற்று. ஒன்றைக் கட்டிவிட்டு இன்னொன்றைப் பிறகு ஒளித்து வைக்க முடியாது.

கருப்பு ஜன்னலில் மட்டும் அண்ணனோடு மல்லுக்கட்டினேன். அரியலூர் வெயிலில் கருப்புச் சட்டத்தில் தோசையே வார்க்கலாம். கடைசியில் ஜன்னல் கருப்பாகவே இருந்தது. கூரையை மூன்றடி வெளியே இழுத்து அதன்மேல் நிழலைப் போட்டோம். மேற்குச் சுவரில் ஜன்னலே வைக்காமல் கழிப்பறையையும் சாமான் அறையையும் அந்தப் பக்கம் தள்ளினோம்.

தொட்டி

பெரிய வீடு சிமெண்ட். கொட்டாயைச் சுண்ணாம்பில் கட்டலாம் என்று சொன்னது நான். காரணம் கொள்கை ஒன்றும் இல்லை. ஒற்றைத் தளம், செங்கல் சுவரே பாரம் தாங்கும், மேலே பழைய வீட்டுப் பனங்கையும் சீமை ஓடும் காத்துக் கிடந்தன. ஓடு கனம் குறைவு. சுவருக்கு அவசரம் இல்லை. இதற்கு நிதானமான பொருளே போதும். கடக்கால், கழிப்பறை, ஜன்னல் மேல் லிண்டல் மூன்றுக்கும் கொட்டாயிலும் சிமெண்ட்தான். எப்போதும் ஈரம் நிற்கும் இடத்தில் வெறும் சுண்ணாம்பு இறுகாது.

வேடிக்கை இனிமேல்தான். சுண்ணாம்புக்கல் மேலேயே உட்கார்ந்திருக்கும் மாவட்டத்தில், வீடு கட்டச் சுட்ட சுண்ணாம்பு தேடினால் எங்களுக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கவில்லை. கடற்கரைப் பக்கமிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு லாரியில் வந்தது. அதாவது பெரிய வீட்டின் சுவரில் ஏறியது 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இறந்த சிப்பி. கொட்டாய்ச் சுவரில் ஏறியது நேற்று இறந்தது. கல்லாகக் காத்திருந்த அத்தனை காலத்தையும் ஒரே தாண்டலில் தாண்டி, கடலிலிருந்து நேரே சுவருக்கு வந்தது. வயசான பெரியம்மாவுக்கு இளசு, இளசுகளுக்குக் கிழம் என்று அண்ணன் சொன்னார்.

திருமானூர்ப் பக்கத்திலிருந்து எழுபதை நெருங்கும் கொத்தனார் ஒருவர் வந்தார். அவருடைய அப்பாவோடு சுண்ணாம்பு அரைத்தவர். முதல் வேலையாகத் தொட்டி வெட்டச் சொன்னார். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீர் மூடி அதில் ஒரு மாதம் ஊறப்போட வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருந்தது. "கண்ணுல பட்டா யோசிக்காத, குடத்துல முகத்த அமுக்கு, அப்புறம் ஆஸ்பத்திரி." ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறோம். தொட்டி சீறுகிறபோது பக்கத்தில் நின்றவனுக்குத்தான் அந்தப் பழமொழியின் கொடூரம் தெரியும்.

அண்ணன் ஒரு மாதக் காத்திருப்பில் பொறுமை இழந்தார். கொத்தனார் அவரைத் திண்ணையில் உட்கார வைத்துச் சொன்னார்: "தம்பி, சிமெண்டு கூலிக்கு வந்தவன். சாயங்காலம் ஆனா காசு கேப்பான். சுண்ணாம்பு குடியானவன். வெள்ளாம வீடு வர்ற வரைக்கும் காத்திருப்பான்."

தப்பும் செய்தோம். தப்பு முழுக்க எங்களுடையது. தெற்குச் சுவருக்கு முதல் பூச்சு முடிந்தபோது சித்திரை வெயில், அனல் காற்று. சாக்கு நனைத்துத் தொங்கவிடச் சொல்லிவிட்டுக் கொத்தனார் ஒரு சாவுக்குப் போனார். நாங்கள் ஒரு நாள் நனைத்தோம், மறுநாள் மறந்தோம். மூன்றாம் நாள் சுவர் முழுக்க வாய்க்கால் வரப்பு போட்டது போல வெடிப்பு. திரும்பி வந்தவர் திட்டவில்லை. கரணையால் தட்டிப் பார்த்தார். உள்ளே காலி என்று சத்தம் சொன்னது. மொத்தமாகக் கொத்திப் போட்டுவிட்டு, இந்த முறை சாக்கை அவரே கட்டினார். சுண்ணாம்பு வெயிலில் காயக் கூடாது. நிழலில், ஈரத்தோடு, காற்றைக் குடித்து இறுக வேண்டும். சிமெண்ட் சுவர் பழக்கத்தில் நாங்கள் காய்வதையும் இறுகுவதையும் ஒன்று என்று நினைத்துவிட்டோம்.

விரல்

பெரிய வீடு முதலில் முடிந்தது. கொட்டாய் முடிய இன்னும் ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் பெரியம்மா பெரிய வீட்டில் இருந்தார். சோபாவுக்குப் பக்கத்துச் சுவரில், பால் நிற எமல்ஷன் பெயிண்டில், ஒரு வெள்ளைத் தீற்றல் விழுந்தது. அண்ணி ஒன்றும் சொல்லாமல் ஈரத்துணியால் துடைத்தார். அடுத்த நாளும் விழுந்தது, அடுத்த நாளும் துடைத்தார். யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியம்மா தானாகவே வெற்றிலையைக் குறைத்துக்கொண்டார். இரண்டு நல்ல பெண்கள் ஒரே சுவரில் எப்படிக் கஷ்டப்படுவார்கள் என்று அந்தத் துணியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கொட்டாயில் குறை இல்லாமல் இல்லை. சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும். ஐப்பசி மழையில் இரண்டு ஓட்டுக்கு நடுவில் சொட்டியது. ஏறிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஓட்டுக்கு மேல் அணிலும் உள்ளே பல்லியும் தங்களுக்கும் பட்டா உண்டு என்று நினைக்கின்றன. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடித்தே ஆக வேண்டும். ஆனால் போன கோடையில் கரண்ட் நின்ற மதியங்களில் பெரிய வீட்டிலிருந்து தலையணையோடு ஆட்கள் ஒவ்வொருவராக இருபத்தெட்டு அடியைக் கடந்தார்கள். முதலில் பேரப்பிள்ளைகள். பிறகு அண்ணி. கடைசியில், போன் பேசுகிற சாக்கில், அண்ணன். இப்போது அந்தக் கடைக்காரர் பழமொழியைக் கேட்டால், வெண்ணெய் எந்தக் கண்ணுக்குப் போனது என்று கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

பழைய திண்ணைத் தூணைக் கொட்டாய் முகப்பில் நிறுத்தினோம். அடிப்பக்கம் கரையான் அரித்திருந்ததால் ஆசாரி அரை அடி அறுத்து எறிந்துவிட்டுக் கல் ஆதாரத்தின்மேல் வைத்தார். ஆதாரம் தரையோடு தரையாகப் புதைந்துவிட்டது. வெள்ளைப் பட்டை அப்படியே இருந்தது, ஆனால் முன்பிருந்ததைவிட அரை அடி கீழே. இது உயரம் பொருந்தாதே என்று நான் கவலைப்பட்டேன்.

குடிவந்த அன்று சாயங்காலம் பெரியம்மா தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, வெற்றிலை போட்டு முடித்து, பார்க்காமலேயே கையைத் தூக்கினார். விரல் நேரே பட்டையில் போய் நின்றது. நாற்பது வருஷத்தில் அவரும் அரை அடி இறங்கியிருந்தார்.